மண்ணுக்குள் ஒரு கிராமம்

வியட்நாம் நாட்டின் கடற்கரையில் ஒரு மீனவர் கிராமம் இருக்கிறது. அதன் பெயர் வின் மோக்.

1954-ஆம் ஆண்டு வியட்நாம் இரண்டாகப் பிரிந்தது. வடக்கே ஓர் அரசு. தெற்கே ஓர் அரசு. வின் மோக் எல்லைக்குப் பக்கத்தில், வடக்குப் பகுதியில் இருந்தது. பிறகு போர் மூண்டது. 1965 முதல் அமெரிக்க விமானங்கள் வடபகுதியில் தொடர்ந்து குண்டு வீசின. வின் மோக்கில் வீடுகள் எரிந்தன. வயல்கள் பாழாயின.

மக்கள் எங்கே போவார்கள்? ஊரை விட்டுப் போக மனம் இல்லை. எல்லோரும் கூடி யோசித்தார்கள். பூமிக்குள் குடியேறுவது என்று முடிவு செய்தார்கள்.

ஆணும் பெண்ணும் மண்வெட்டி எடுத்தார்கள். இயந்திரம் எதுவும் இல்லை. அங்கே மண் கெட்டியானது. அதனால் எளிதில் சரியவில்லை. தோண்டிய மண்ணைக் கடலில் கொட்டினார்கள். ஏன் தெரியுமா? மண்மேடு இருந்தால் விமானத்தில் வருபவர்களுக்குத் தெரிந்துவிடும்.

சுரங்கம் மூன்று அடுக்காக இருந்தது. கடைசி அடுக்கு 20 மீட்டருக்கும் அதிக ஆழம். கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நீளம். கடல் பக்கமும் மேட்டுப் பக்கமும் வாசல்கள் வைத்தார்கள். காற்று வர வழி செய்தார்கள். கிணறு வெட்டினார்கள். சமையல் அறை, கூட்டம் போட ஓர் இடம், வைத்திய அறை எல்லாம் இருந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சுவரில் குடைந்த சிறு அறை. மூன்று நான்கு பேர் நெருக்கிப் படுக்கலாம். அவ்வளவுதான்.

சுமார் 60 குடும்பங்கள் அங்கே தங்கின. 1966 முதல் 1972 வரை இப்படிக் காலம் கழிந்தது. ஒருமுறை ஒரு குண்டு சுரங்கத்தையே துளைத்தது. நல்லவேளை, அது வெடிக்கவில்லை. அந்தத் துளையையும் காற்று வரும் வழியாக ஆக்கிக்கொண்டார்கள்!

அந்த இருட்டில் 17 குழந்தைகள் பிறந்தன. மேலே குண்டுச் சத்தம். கீழே பிள்ளையின் அழுகுரல். அந்தத் தாய்மார்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

1975-இல் போர் முடிந்தது. சுரங்கம் இன்று காட்சி இடமாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறு அருங்காட்சியகமும் உண்டு. அந்த மக்கள் பயன்படுத்திய கருவிகளையும் பழைய படங்களையும் அங்கே பார்க்கலாம். சுரங்கத்தைப் பார்க்க வருபவர்கள் தலை குனிந்துதான் நடக்க வேண்டும். உள்ளே ஈரமும் புழுக்கமும். சிறிது நேரத்தில் மூச்சு முட்டுவது போல் இருக்கும். கடல் பக்க வாசலில் வெளியே வந்ததும் காற்று முகத்தில் அடிக்கும்.

நமக்கு அது சிறிது நேரம். அவர்களுக்கு ஆறு ஆண்டுகள்.

போரை யாரோ தொடங்குகிறார்கள். மண்ணுக்குள் போய் ஒளிவது யார்? சேர்ந்து பேசிப் பாருங்கள்.