மீட்டிங்ல மூணு பக்கம் எழுதியும் ஒண்ணும் ஞாபகம் இல்லையா? மைண்ட் மேப் போட்டுப் பாருங்க!

ஆன்லைனில் துணி விற்கும் ஒரு சின்ன கம்பெனி. தீபாவளி விற்பனைக்கான மீட்டிங். ஒரு மணி நேரம் விடாமல் குறிப்பெடுத்துவிட்டு வெளியே வருகிறீர்கள். மேனேஜர் கேட்கிறார்: "கூரியர்காரங்ககிட்ட யார் பேசுறதா முடிவாச்சு?" நோட்டைப் புரட்டுகிறீர்கள். 'கூரியர்' என்ற வார்த்தை நாலு இடத்தில் இருக்கிறது. பதில் மட்டும் எங்கேயும் இல்லை.

இது எழுதாததால் வந்த வினை இல்லை, எல்லாவற்றையும் எழுதியதால் வந்தது. காதில் விழுவதைக் கை அப்படியே இறக்கிவைத்துக்கொண்டே போனால், மூளை வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. அமெரிக்காவில் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ரொம்பப் பிரபலம். லேப்டாப்பில் டைப் செய்த மாணவர்கள் பேச்சை வார்த்தைக்கு வார்த்தை பதிவுசெய்தார்கள். ஆனால், புரிந்துகொண்டு பதில் சொல்லவேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்களைவிடப் பின்தங்கினார்கள். பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது இந்த வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல், ஆபீஸ் பேச்சு வரிசையாக வருவதில்லை. தள்ளுபடியில் ஆரம்பிக்கும், கூரியருக்குத் தாவும், "போட்டோஷூட் முடிஞ்சுதா?" என்று ஒருவர் கேட்பார், கடைசி ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கூரியர். வரிவரியாக எழுதினால் இந்தத் தாவலும் அப்படியே நோட்டில் ஏறிவிடும். மைண்ட் மேப் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

இந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் டோனி பூசான் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர். 1974-ல் பிபிசி டி.வி-யில் அவர் நடத்திய தொடர் மூலம் இது பரவியது. கிளை கிளையாகப் படம் போட்டு யோசிப்பது அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்ததுதான்.

செய்முறை எளிது. ஒரு ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். நடுவில் 'தீபாவளி விற்பனை' என்று எழுதி வட்டம் போடுங்கள். பேச்சில் புது விஷயம் வரும்போதெல்லாம் வட்டத்திலிருந்து ஒரு கிளை: சரக்கு, தள்ளுபடி, விளம்பரம், கூரியர். மீட்டிங்குக்கு முன்பே தெரிந்த தலைப்புகளை முதலிலேயே போட்டுவைத்தால் இன்னும் நல்லது. பேச்சு எங்கே தாவினாலும் நீங்களும் அந்தக் கிளைக்குத் தாவிவிடலாம். நாலு முறை கூரியர் பேச்சு வந்தாலும் நாலும் ஒரே இடத்தில் சேரும்.

கிளைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் எழுத வேண்டும் என்பது பூசான் சொன்ன விதி. ஆபீஸுக்கு அது சரிப்படாது. 'கூரியர்' என்று மட்டும் எழுதிவைத்தால் அடுத்த வாரம் உங்களுக்கே புரியாது. 'கூரியர் - ரேட் குறைக்கணும்' என்று மூன்று, நாலு வார்த்தை எழுதலாம். பொறுப்பு யாருடையதோ அவர் பெயரைச் சுற்றி ஒரு கட்டம், பக்கத்தில் தேதி. முடிவாகாததற்கு ஒரு கேள்விக்குறி. கலர் பேனா, படமெல்லாம் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

இதன் உண்மையான லாபம் மீட்டிங் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது தெரியும். தாளை ஒரு தடவை பாருங்கள். விளம்பரக் கிளை மரம்போல விரிந்திருக்கும். கூரியர் கிளையில் நாலு விஷயம் இருக்கும், கட்டம் போட்ட பெயர் ஒன்றுகூட இருக்காது. 'ரிட்டர்ன்' என்று யாரோ போகிற போக்கில் சொன்னது மொட்டைக் கிளையாக நிற்கும். அப்போதே கையைத் தூக்கி, "சைஸ் சரியில்லைன்னு திருப்பி அனுப்புறதை யார் பார்த்துக்குறாங்க?" என்று கேட்டுவிடலாம். வரிவரியான குறிப்பில், பேசாமல் விட்ட விஷயம் கண்ணில் படாது. இங்கே அது வெற்றிடமாகத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தில்லை. யார் என்ன சொன்னார் என்று பதிவாக வேண்டிய மினிட்ஸ், வரிசை மாறக் கூடாத செய்முறை, எண்கள் நிறைந்த பட்ஜெட்... இதற்கெல்லாம் பழைய பட்டியலும் அட்டவணையுமே மேல். இன்னொன்று, உங்கள் மேப் உங்களுக்கு மட்டும்தான் புரியும். அதை போட்டோ எடுத்து டீம் குரூப்பில் போட்டால், "என்னப்பா இது, இடியாப்பமா?" என்பார்கள். சீட்டுக்குத் திரும்பியதும் கட்டம் போட்ட பெயர்களை மட்டும் பொறுக்கி, யார், என்ன வேலை, எப்போதைக்குள் என்று வரிசையாக டைப் செய்து அனுப்புங்கள். அந்த ஐந்து நிமிட வேலையிலேயே பாதி மனதில் பதிந்துவிடும்.

ஆரம்பத்தில் எரிச்சலாகவும் இருக்கும். லண்டனில் மருத்துவ மாணவர்களை வைத்து நடந்து, 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், மைண்ட் மேப் போட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் விஷயங்கள் கூடுதலாக நினைவிருந்தன. ஆனால், பழகிய முறையில் படித்தவர்களுக்கு இருந்த ஆர்வம் இவர்களுக்கு இல்லை. பழகாத கைக்கு அப்படித்தான்.

அதனால் முதல் முயற்சியை க்ளையன்ட் மீட்டிங்கில் வைத்துக்கொள்ளாதீர்கள். நண்பர்களோடு போகும் ட்ரிப்புக்கோ, யூடியூபில் கேட்கும் ஒரு அரை மணி நேரப் பேச்சுக்கோ போட்டுப் பழகுங்கள். எக்ஸ்மைண்ட், சிம்பிள்மைண்ட், மைண்ட்மைஸ்டர் என்று ஆப்கள் இருக்கின்றன. நிதானமாகத் திட்டம் போடும்போது அவை வசதி, கிளைகளை இழுத்து இடம் மாற்றலாம். மீட்டிங்கில் மட்டும் பேப்பரே உத்தமம். போனில் எவ்வளவு சின்சியராக மேப் போட்டாலும், எதிரில் இருப்பவருக்கு நீங்கள் சாட் செய்வதாகத்தான் தெரியும்!