பனியன் மாறலாம்

2022 அக்டோபரில் குஜராத் தேசிய விளையாட்டில், விசாகப்பட்டினத்து ஜோதி யர்ராஜி ஆந்திராவுக்காக 100 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 12.79 விநாடி, காற்று மிகுதியால் சாதனைக் கணக்கில் சேரவில்லை. அதே மாதம் பெங்களூரில் 12.82 விநாடியில் ஓடி, 13 விநாடிக்குள் ஓடிய முதல் இந்தியப் பெண் ஆனார். ஆனால் அன்று அணிந்திருந்தது இரயில்வே பனியன்!

"நம்ம பொண்ணை உங்க இரயில்வே தட்டிக்கிட்டுப் போயிடுச்சே சார்!" என்று பாகாலா டீக்கடையில் நண்பர்கள் என்னிடம் குறைப்பட்டார்கள். நான் சிரித்தேன். தமிழ்நாட்டில் பிறந்து, இரயில்வே வேலைக்காக இங்கு வந்து தங்கிவிட்டவன் நான். வேலை தந்த இடத்துக்கு உழைப்பது, பிறந்த மண்ணுக்குச் செய்யும் துரோகமா?

2023இல் அவர் பாங்காக்கில் ஆசியத் தங்கம் வென்றார். அதே டீக்கடையில் எல்லோரும் கைதட்டினோம்.