காக்கைத் துப்பாக்கியும் பழைய இரும்பும்

காக்கை சுடுவதற்கென்றே தனியாக ஒரு துப்பாக்கி செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? வெள்ளைக்காரன் செய்தான். அதற்குப் பெயரே 'ரூக் ரைஃபிள்'. ரூக் என்பது இங்கிலாந்தில் உள்ள ஒரு காக்கை இனம். வயலோரத்து உயர்ந்த மரங்களில் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டும். மே மாதம் குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளைக்கு வந்து, சரியாகப் பறக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அந்தச் சமயம் பார்த்துத்தான் அங்கே உள்ள நிலச்சுவான்தார்கள் விருந்தாளிகளைக் கூப்பிட்டுச் சுடுவார்கள். சுட்டதை மாவுக்குள் பொதிந்து வேகவைத்துச் சாப்பிடவும் செய்தார்கள். நாமோ காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அப்புறம்தான் இலையில் கை வைக்கிறோம். அது கிடக்கட்டும்.

அந்தத் துப்பாக்கி எப்படிப்பட்டது? யானைக்கும் புலிக்கும் செய்த துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் இது குழந்தை மாதிரி. ஒரு தடவைக்கு ஒரே குண்டு. பெரும்பாலும் குழலை மடக்கிக் குண்டு போடுவது. குழல் வெளியே எட்டுப்பட்டையாக இருக்கும். உள்ளே குண்டு சுழன்று நேராகப் போவதற்காகத் திருகு போல் வரி வெட்டியிருக்கும். மருந்து கொஞ்சம்தான். காரணம் உண்டு. மரத்து உச்சியைப் பார்த்துச் சுட்ட குண்டு வெகுதூரம் போய் அடுத்த கிராமத்தான் தலையில் விழக்கூடாதல்லவா! 250, 300, 360, 380 என்று அளவுகள் பல. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், கிரீனர் என்று லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் பேர்பெற்ற பட்டறைகள் எல்லாம் இதைச் செய்தன. ராஜா வீட்டுத் துப்பாக்கி செய்த அதே கைகள் காக்கைத் துப்பாக்கிக்கும் வேலைப்பாடு செய்து கொடுத்தன. அந்தத் தொழிலாளியின் கைத்திறனை நாம் மதிக்கத்தான் வேண்டும். பேர் மட்டும் முதலாளி பேராகக் குழலில் பொறித்திருக்கும்.

1887இல் அமெரிக்காவில் '22 லாங் ரைஃபிள்' என்ற மலிவான தோட்டா வந்தது. காக்கைத் துப்பாக்கிக்கு அதோடு காலம் முடிய ஆரம்பித்தது. குண்டு கிடைக்காத துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பலர் உள்வரியைக் கடைந்து எடுத்துவிட்டு, 410 அளவுச் சில்லறைக் குண்டுத் துப்பாக்கியாக மாற்றிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தவற்றில் பலதை அந்தக் காலத்துக் கரிமருந்து அரித்தது. சுட்ட அன்றே கழுவித் துடைக்காவிட்டால் குழலுக்குள் துரு புள்ளி விழுந்துவிடும். ஆகவேதான் உள்வரி கெடாமல், பட்டறைப் பெயரோடு, மரப்பெட்டியும் கூட இருந்தால் இன்று சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். தோட்டா செய்வதே நின்றுபோன சில பழைய அளவுகளை, சுடாமல் அழகுக்கு மட்டும் வைத்துக்கொள்ள அந்த நாட்டின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இங்கே அப்படி இல்லை. தோட்டத்து மக்களுக்கு இதில் என்ன என்று கேட்கிறீர்களா? சொல்கிறோம்.

நம் சுங்கை பூலோவை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பரிசோதனைத் தோட்டம் இருந்த மண் இது. பால்மரம் நின்ற அந்த இடத்தில் 2,330 ஏக்கர் இன்று குவாசா டாமன்சாரா என்ற புதுநகரம். தொழிலாளர் சேமநிதி வாரியத்தின் திட்டம், அதாவது நம் சம்பளத்தில் பிடித்த காசு. சிலாங்கூர் முழுக்க இதே கதைதான்: தோட்டம் விற்பனை, லயம் காலி, பங்களா இடிப்பு. இடிக்கிற இடத்தில் இரும்பு பொறுக்குவது யார்? நம்ம பையன்கள்தான். லோரி வாங்கி, பழைய இரும்பு எடுத்து, கௌரவமாகப் பிழைக்கிறார்கள். பங்களா கூரைக்கு மேலேயும் ஸ்டோர் மூலையிலும் என்ன கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? துரைமார் காலத்துத் துணியில் சுற்றிய ஒரு நீளப் பொட்டலம் கையில் தட்டுப்பட்டால்? 'அண்ணே, இது ஆண்டிக்குண்ணே, நல்ல வெலைக்குப் போகும்' என்று ஆசை காட்ட ஓர் ஆள் வருவான். அங்கேதான் ஆபத்து.

இந்த நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் போட்டால் பதினான்கு ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும். காற்றுத் துப்பாக்கியும் ஆயுதக் கணக்கில்தான் சேரும். லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது. அப்பாவுக்கு இருந்தது என்று மகன் வைத்துக்கொள்ள முடியாது.

இதைச் சொல்லும்போது ஒரு பெயர் நினைவுக்கு வராமல் இருக்காது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டபின் அவசரகாலம் வந்தது. அனுமதியில்லாத துப்பாக்கிக்குத் தூக்கு என்று விதி வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி, நமக்குப் பக்கத்தில் ரவாங் வட்டாரத்தில் ஒரு கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். வழியில் கிடைத்ததைப் போலீசில் ஒப்படைக்கப் போனார் என்பதே அவர் தரப்பு வாதம் என்று சொல்வார்கள். வாதம் எடுபடவில்லை. இந்தியாவிலிருந்து எழுந்த குரலும் எடுபடவில்லை. 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்த விதி இன்று இல்லை. ஆனால் 'கொடுக்கத்தான் கொண்டு போனேன்' என்ற ஒரு வார்த்தையை நம்பி நம் பிள்ளை எவனும் துப்பாக்கியைக் கையில் எடுக்கக்கூடாது.

அதனால் தம்பிகளே, கண்ணில் பட்டால் தொடாதீர்கள். தூக்கிப் பார்க்க வேண்டாம், விசையை இழுத்துப் பார்க்க வேண்டாம். உள்ளே பழைய தோட்டா கிடந்தாலும் கிடக்கும். லோரியில் ஏற்றவே வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கூட வேலை செய்பவர் இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போன் போடுங்கள். அவர்கள் வந்து எடுக்கட்டும். யார், எப்போது எடுத்துப் போனார் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குத்தகைக்காரர் 'பேசாமல் இரு' என்று சொன்னால், அவர் பேச்சைக் கேட்டுச் சிறைக்குப் போகப்போவது அவர் இல்லை.

தோட்டத்து அணில் வேட்டைக்கு நம் ஆட்கள் துப்பாக்கியா தேடினார்கள்? கொய்யாக் கவட்டையும் சைக்கிள் டியூப்பும் போதும், பள்ளிக்கூடத்துப் பையன் ஒவ்வொருவனும் வேட்டைக்காரன்தான். இதே பக்கத்தில் புக்கிட் லாகோங்கில் வாழும் தெமுவான் பூர்வகுடி மக்களின் வேட்டைக் கருவியோ மூங்கில் ஊதுகுழல். ஈப்போ மரத்துப் பாலின் நஞ்சைத் தடவிய சிறு அம்பு, சத்தமே கேட்காது. சேகரிக்க வேண்டுமென்றால் இந்த ஊதுகுழலைச் சேகரிக்கலாம் என்பது நம் எண்ணம். இன்றைக்கு வேட்டையென்றால் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கிறது, அதையும் மறக்க வேண்டாம்.

பழைய துப்பாக்கியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், கோலாலம்பூர் ஏரிப் பூங்கா பக்கம் போலீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அவசரகாலத்தில் பிடித்த ஆயுதங்கள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. குவாசா டாமன்சாராவில் எம்.ஆர்.டி. ஏறினால் முசியம் நெகாராவில் இறங்கி நடந்து போகலாம்.