ஊவா மலைத்தோட்டங்களில் எலுமிச்சம்புல்

எலுமிச்சம்புல்லை வளர்ப்பது குறித்துக் குளிர்நாட்டார் கூறும் முறைகள் பெரும்பாலும் உறைபனியை எண்ணியே அமைந்தவை. பனி விழுமுன் தூரைப் பெயர்த்துத் தொட்டியில் இட்டு, சாளரத்தருகே வைத்து, இளவேனில் வரை காப்பது அவர் வழக்கம். ஊவாவிலோ அப்புல்லை வாட்டுவது பனியன்று, காற்று.

தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, முகடு கடந்து கிழக்கே இறங்கும்போது வறண்டு வெம்மையுறுகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளை அலைக்கழிக்கும் கச்சான் காற்று இதுவே. ஊவாத் தேயிலைக்கு உலகம் போற்றும் மணத்தை அளிப்பதும் இக்காற்றுத்தான். ஆனால் தேயிலைக்கு வாய்த்த நலம் லயத்துப் பின்புறத் தோட்டத்துக்கு வாய்ப்பதில்லை. அங்கே எலுமிச்சம்புல்லின் தாள் நுனியிலிருந்து செம்மை படர்ந்து காய்கிறது.

ஆகவே, நடுவதற்கு ஏற்றது ஐப்பசி மழை தொடங்கும் காலம். வடகீழ்ப் பருவமழை தை வரை நீடிப்பதால், காற்றுக்கு முன்னரே வேர் ஆழ்ந்துவிடும். இப்புல் பூப்பது அரிது. விதையை நம்பிப் பயனில்லை. பழந்தூரைப் பிரித்து, வேரோடு கூடிய இரண்டு மூன்று தண்டுகளை எடுத்து, தாளை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, இரண்டடி இடைவெளியில் நடவேண்டும். நீர் தேங்கினால் அடி அழுகும். சரிவின் விளிம்பே நல்லிடம்.

பத்தனைப் புல்வெளிகளில் மண்டிக்கிடக்கும் மானாப்புல்லும் இதற்கு உறவே. முதிர்ந்த தேயிலையைப் பிடுங்கிய நிலத்தை மீண்டும் வளப்படுத்த, மானாவையோ குவாத்தமாலாப் புல்லையோ 18 முதல் 24 மாதங்கள் வளர்ப்பது தோட்டங்களின் வழக்கம். நாற்றுக்காகப் புல்வெளியில் தேடுவோர் தாளைக் கசக்கி முகர்ந்து பார்த்தல் நன்று. சிட்ரால் எனும் பொருளால் எழும் எலுமிச்சை மணமே அடையாளம்.

வரப்போரம் வரிசையாக நட்ட புல் மேல்மண் கரைவதைத் தடுக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களைப் புதைத்த மண்சரிவு போன்றவை நிலத்தின் ஆழத்தில் தோன்றுவன. புல்லின் வேர் அவ்வளவு தூரம் செல்வதில்லை. சுவரிலோ சரிவிலோ புதிய வெடிப்புக் கண்டால், அங்கே புல் நட எண்ணாது உரியவர்க்கு அறிவித்து அவ்விடம் விட்டகல்வதே செய்யத்தக்கது.

கச்சானுக்கு முன், ஆனி மாதத்தில், தாளைப் பாதியளவு அறுத்துவிடுதல் நலம். இலைப்பரப்புக் குறைந்தால் நீரிழப்பும் குறையும். அறுத்த தாளில் சமையலுக்கும் தேநீருக்கும் வேண்டியது போக எஞ்சியதைத் தூரைச் சுற்றிப் பரப்பலாம். குழாய் நீருக்குக் காத்து நிற்கும் லயங்களில் அரிசி கழுவிய நீரே இதற்குப் போதும். தாள் முற்றும் காய்ந்த போதிலும் தூரைப் பிடுங்கிவிடலாகாது. அடித்தண்டு பசுமையாயிருப்பின் மழையோடு மீண்டும் துளிர்க்கும்.

மார்கழி, தைக் குளிரில் அப்புத்தளை போன்ற உயர்ந்த இடங்களில் வளர்ச்சி மந்தமாகும். அப்போது அறுப்பதைக் குறைத்துக்கொண்டால் போதும். இரண்டு மூன்று ஆண்டுகளில் தூரின் நடுப்பகுதி உளுத்துப்போகும். அடுத்த ஐப்பசியில் அதைப் பெயர்த்து, ஓரத்து இளந்தண்டுகளை வேறிடத்தில் நடவேண்டும். ஒரு தூரிலிருந்து அண்டைக் காம்பராக்களுக்கும் கொடுக்குமளவு நாற்றுக் கிடைக்கும்.