பொம்மைப் படைக்குத் தீ வைத்த ரசிகர்! எந்த ரூல் புத்தகத்தை நம்பிச் சண்டை போடுவது?

வர்ணம் பூசி அழகு பார்த்த பொம்மைப் படையை அதன் சொந்தக்காரரே தீ வைத்துக் கொளுத்தினார். வீரர்கள், குதிரைகள், கொடிகள் எல்லாம் உருகிக் கரியாகிப் போயின. அதை வீடியோ படம் பிடித்து ஊருக்கும் காட்டினார்.

இது நடந்தது 2015-ம் ஆண்டு ஜூலை மாதம். எரிந்தது "டார்க் எல்ஃப்" என்ற கற்பனை இனத்தின் சேனை. அவருக்குக் கடன் தொல்லையும் இல்லை, குடும்பத் தகராறும் இல்லை. ஆட்டத்தின் ரூல் புத்தகத்தை கம்பெனிக்காரர்கள் மாற்றி விட்டார்கள். அவ்வளவுதான்!

ஒரு ரூல் புத்தகத்துக்காகவா இத்தனை ஆத்திரம்? அதுபற்றிய விவரம் வருமாறு:-

மேஜை மேல் மகாயுத்தம்

ஆறு அடி நீளம், நாலு அடி அகலத்தில் ஒரு மேஜை. அதன்மேல் குன்று, மரம், வேலி எல்லாம் செட் போட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் பொம்மைச் சேனைகள் அணிவகுத்து நிற்கும். ஒரு வீரனின் உயரம் சுமார் 28 மில்லி மீட்டர்தான். மனிதன், குள்ளன், எலும்புக்கூடு, பூதம், டிராகன், மந்திரவாதி என்று எல்லாரும் உண்டு. அளவு டேப்பை நீட்டி அளந்து அணிகளை நகர்த்த வேண்டும். அடி விழுந்ததா, ஆள் செத்தானா என்பதைப் பகடை சொல்லும்.

பொம்மைகள் கடையில் வர்ணம் பூசி வருவதில்லை. துண்டு துண்டாக வரும். ஒட்டி, பூசி, கண்ணுக்குப் புள்ளி வைப்பதெல்லாம் வாங்கியவன் வேலை. ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரிக்கு ஒரு பொம்மை பூசினால், 120 பொம்மை முடிய நாலு மாதம் ஆகும். அத்தனையும் பூசி முடித்த பிறகு "இந்தப் படைக்கு இனி ஆட்டத்தில் இடமில்லை" என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது!

பொம்மைச் சிப்பாய்ச் சண்டைக்குப் புத்தகம் போடுவது புதுசு அல்ல. பிரபல நாவலாசிரியர் எச்.ஜி.வெல்ஸ் 1913-ம் ஆண்டிலேயே "லிட்டில் வார்ஸ்" என்று ஒன்று போட்டார். பூதம், டிராகனை எல்லாம் கூட்டி வந்து பெரிய சேனைச் சண்டையாக உலகம் முழுக்கப் பரப்பியது 1983-ல் வந்த "வார்ஹாமர்". பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி ஆகிய மூவரும் அதை உருவாக்கினார்கள். வெளியிட்டது "கேம்ஸ் ஒர்க்ஷாப்" கம்பெனி. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரம்தான் இன்றைக்கும் இந்த வியாபாரத்தின் தலைநகரம்.

உலகத்தையே கொன்றார்கள்

வார்ஹாமர் எட்டுப் பதிப்புகள் கண்டது. எட்டாவது பதிப்பு 2010-ல் வந்தது. வரிசைக்குப் பத்துப் பேர் என்று பெரிய பெரிய கூட்டமாக நிறுத்தினால் லாபம் என்று அதில் ரூல் இருந்தது. ரசிகர்கள் மூக்கால் அழுதுகொண்டே பெட்டி பெட்டியாக வாங்கினார்கள்.

2014-ல் "எண்ட் டைம்ஸ்" என்று கதைப் புத்தகங்கள் வரத் தொடங்கின. ராஜாக்கள் செத்தார்கள். நகரங்கள் அழிந்தன. கடைசியில் அந்தக் கற்பனை உலகமே வெடித்துச் சிதறியது. பட்டப்பகலில் நடந்த இந்தக் கொலைக்குக் கேசும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. அது அவர்கள் படைத்த உலகம், அவர்களே அழித்தார்கள்.

அதற்குப் பதிலாக 2015 ஜூலையில் வந்தது "ஏஜ் ஆஃப் சிக்மார்". அடிப்படை ரூல் நாலே பக்கம். விலை கிடையாது, இலவசம். நல்லதுதானே என்று பிரித்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். அணிவகுப்பு இல்லை. சதுரப் பீடத்தில் நின்ற வீரர்களுக்குப் பதில் வட்டப் பீடம். எந்த அணிக்கு எவ்வளவு மதிப்பு என்று புள்ளிக் கணக்கும் இல்லை. இரண்டு சேனையும் சரி சமமா என்று பார்க்கும் தராசையே தூக்கி விட்டார்கள்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. பழைய சேனைத் தளபதி ஒருவருக்கு எழுதிய ரூல் இது: விளையாடுகிறவருக்கு எதிராளியைவிடப் பெரிய, கம்பீரமான மீசை இருந்தால், தவறிப்போன பகடையை மறுபடியும் உருட்டலாம்! சிலர் சிரித்தார்கள். நாலு மாதம் பூசியவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2016-லேயே அந்த ஆட்டத்துக்குப் புள்ளிக் கணக்கு திரும்பி வந்தது. பிறகு அது நன்றாகவே ஓடியது. ஆனால் அணிவகுத்து மோதும் சண்டைதான் வேண்டும் என்றவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். கையில் சேனை இருந்தது, ஆட்டம் இல்லை.

பழைய ஆள் கொடுத்த புது வழி

அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் "கிங்ஸ் ஆஃப் வார்". இதை எழுதியவர் அலெஸ்ஸியோ கவட்டோரே. வார்ஹாமர் ஏழாம் பதிப்பை எழுதியவரும் இவரேதான்! வெளியிட்டது "மான்டிக்" கம்பெனி. அதுவும் நாட்டிங்காம்தான். அதை ஆரம்பித்த ரானி ரெண்டனும் ஒரு காலத்தில் கேம்ஸ் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவரே.

இந்த ஆட்டத்தில் ஆள் ஆளாகச் சாக மாட்டார்கள். ஓர் அணி முழுவதும் ஒரே உயிர். அடி விழ விழ, கணக்கு மட்டும் ஏறும். உதாரணமாக, ஓர் அணியின் தைரியம் 14, 16 என்று இரண்டு எண்களாகக் குறித்திருக்கும். ஒன்பது அடி விழுந்திருக்கிறது. அடித்தவர் இரண்டு பகடை உருட்டி ஏழு போடுகிறார். ஒன்பதும் ஏழும் பதினாறு. அணி காலி! மொத்தத்தையும் மேஜையை விட்டு எடுக்க வேண்டியதுதான். பதினாலோ பதினைந்தோ வந்திருந்தால் தடுமாறி நிற்கும். அதற்கும் கீழே என்றால் அசையாது.

ஒருவர் முறையில் அவர் மட்டுமே பகடை உருட்டுவார். மற்றவர் டீ குடிக்கலாம். அதனால் சதுரங்கப் போட்டி மாதிரி கடிகாரம் வைத்து ஆட முடிகிறது. முக்கியமான விஷயம், யார் செய்த பொம்மையையும் கொண்டு வரலாம். வீடிழந்த பழைய சேனைகளுக்கும் 2015-லேயே பட்டியல் போட்டு அழைத்துக்கொண்டார்கள். நல்ல வியாபார மூளை!

குறையும் உண்டு. தளபதியும் மந்திரவாதியும் இங்கே அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஒரு ராஜா ஒற்றை ஆளாக நின்று பூதத்தை வெட்டிச் சாய்க்கும் கதைதான் வேண்டும் என்பவருக்கு இது சப்பென்று இருக்கும்.

அவர்களுக்காக ரசிகர்களே 2015-ல் ஒரு காரியம் செய்தார்கள். சம்பளம் இல்லாத தொண்டர்கள் கூடி, வார்ஹாமர் பாணியிலேயே "நைன்த் ஏஜ்" என்று எழுதி இலவசமாக விட்டார்கள். போட்டிக்காரர்களுக்குப் பிடித்தது. ஆனால் திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்தது. படித்து முடிப்பதற்குள் அடுத்த பதிப்பு! கம்பெனி மாற்றினாலும், தொண்டர்கள் மாற்றினாலும், தலைவலி ஒன்றுதான்.

கையில் கொஞ்சம் பொம்மைதான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் ஆட்டம் முடிய வேண்டும் என்பவர்களுக்கு டேனியல் மெர்சி எழுதிய "டிராகன் ராம்பண்ட்" இருக்கிறது. அதில் ஓர் அணியை நகர்த்தவே பகடை போட வேண்டும். தவறினால் முறை எதிராளிக்குப் போய்விடும். பெரிய திட்டம் போட்டு வைத்தவர், ஒரு அங்குலம்கூட நகராமல் கையைப் பிசைவார். 2020-ல் வந்த ஜோசப் மெக்கல்லோவின் "ஓத்மார்க்" இன்னொன்று. வரிசைக்கு ஐந்து பேர், பத்து முகப் பகடை. இரண்டும் எந்தக் கடைப் பொம்மையையும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

செத்தது எழுந்து வந்தது

இதற்கிடையே 2019-ல் ஒரு பரபரப்பு அறிவிப்பு! அழித்த பழைய உலகத்தைத் திரும்பக் கொண்டு வருகிறோம் என்றது கேம்ஸ் ஒர்க்ஷாப். சொன்னபடி 2024 ஜனவரியில் "தி ஓல்டு வேர்ல்டு" வந்தது. அணிவகுப்பு வந்தது. சதுரப் பீடமும் வந்தது. தோற்ற அணி ஒன்று நிற்கும் அல்லது ஓடும் என்ற பழைய கதை மாறி, கொஞ்சம் பின்வாங்குவது, ஒழுங்காக விலகுவது என்று நடுவழிகளும் வந்தன.

ஆனால் கதவு எல்லாருக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை. தொடக்கத்தில் ஒன்பது சேனைகளுக்குத்தான் முழு ஆதரவு இருந்தது. எலி மனிதர், பல்லி மனிதர், டார்க் எல்ஃப் முதலிய சேனைகளுக்கு இலவசப் பட்டியல் மட்டும் கொடுத்து, இனி புதிதாக எதுவும் வராது என்று சொல்லி விட்டார்கள்.

அடுத்த அதிர்ச்சி காலடியில் இருந்தது. பழைய மனித வீரனின் பீடம் 20 மில்லி மீட்டர் சதுரம். புதுப் புத்தகத்தில் அது 25. ஐந்து பேர் வீதம் நாலு வரிசை நிறுத்தினால், பழைய கணக்கில் அணியின் அகலம் 100 மில்லி மீட்டர், ஆழம் 80. புதுக் கணக்கில் 125-க்கு 100. ஐந்து மில்லி மீட்டர்தானே என்று அலட்சியமாகச் சொல்லலாம். ஆனால் யாருடைய பக்கவாட்டில் யார் போய் இடிக்க முடியும், எத்தனை பேர் கத்தி எட்டும் என்பதெல்லாம் இந்த அகலத்தை வைத்துத்தான். "எட்டும்", "எட்டாது" என்று தகராறு வருவதும் இங்கேதான்.

எதை வாங்குவது?

கேரம் ஆட்டத்துக்கு வீட்டுக்கு வீடு ரூல் மாறும். அடுத்த வீட்டுக்காரர் எந்த ரூலில் ஆடுகிறாரோ, அதில் ஆடினால்தான் உமக்கு ஆட்டம். இங்கேயும் அதேதான். எவ்வளவு உயர்ந்த புத்தகமாக இருந்தாலும், பக்கத்து ஊரில்கூட அதை ஆட ஆள் இல்லை என்றால் அலமாரிக்குத்தான் அழகு. ஆகவே புத்தகக் கடைக்குப் போகும் முன்னால் ஆட்டக்காரர் கூடும் இடத்துக்குப் போய் எட்டிப் பார்ப்பவன் கெட்டிக்காரன்.

வாராவாரம் மோத நிரந்தரமாக ஒரே ஒரு நண்பர் இருந்தால் போதும் என்பவர்களுக்கோ கவலையே இல்லை. பழைய வார்ஹாமர் ஆறாம் பதிப்பை இன்னமும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி ஓர் உலகத்தை அழிக்கலாம். அலமாரியில் இருக்கும் பழைய புத்தகத்தைப் பறிமுதல் செய்ய போலீசை அனுப்ப முடியாது. போட்டிகளுக்குப் போக வேண்டும் என்றால்தான் அச்சில் இருக்கும் புத்தகமும், அந்தப் போட்டிக்காரர் ஏற்கும் பொம்மையும் தேவை. கேம்ஸ் ஒர்க்ஷாப் தன் சொந்தக் கடைகளில் தன் பொம்மைகளைத்தான் ஆட விடும்.

ஒரு முறை சூடு பட்ட ஆட்டக்காரர்கள் இப்போது வீரர்களைத் தட்டில் நிரந்தரமாக ஒட்டுவதில்லை. பீடத்துக்கு அடியில் குட்டிக் காந்தம் ஒட்டி, இரும்புத் தகடு பதித்த தட்டில் நிறுத்துகிறார்கள். 20 மில்லி மீட்டர் வீரர்களை இடைவெளி விட்டு நிறுத்தி, 25-ன் அகலம் காட்டும் பள்ளம் வைத்த தட்டுகளும் விற்கின்றன. காலை "கிங்ஸ் ஆஃப் வார்" ஆடிவிட்டு, மாலையில் தட்டை மட்டும் மாற்றி அதே வீரர்களை "ஓல்டு வேர்ல்டு" சண்டைக்கு இறக்கி விடுகிறார்கள்.