4 எக்ஸ் ஜூமும் எங்கள் வீட்டு நிலைவாசலும்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அடுத்து எல்லோர் மனதிலும் வருவது கேமராதான். படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, பெரிய திரையில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பது தனி சந்தோஷம். போன மாதம் காரைக்குடியில் என் அண்ணன் வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அன்று மாலையே அண்ணன் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, உங்க பழைய டிஜிட்டல் கேமரா இன்னும் வேலை செய்யுதா? நம்ம பெரிய வீட்டுப் படமெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கணும். அப்புறம் அந்தக் கேமராவும் எனக்கு வேணும்" என்றாள்.

அவள் சொன்ன பெரிய வீடு இப்போது இல்லை. காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளமாக இருந்த வீடு அது. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருந்ததால் பராமரிக்க முடியவில்லை. 2011இல் விலை பேசிப் பிரித்துவிட்டார்கள். அண்ணன் மகள் அப்போது கைக்குழந்தை. அவள் அந்த வீட்டைப் பார்க்க வேண்டுமானால் என் கேமராப் படங்களில்தான் பார்க்க முடியும். அந்தக் கேமராவை வைத்து நான் கற்றதையும், செய்த தவறுகளையும் அவளுக்குச் சொன்னேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கும் அது பயன்படும்.

என் கேமரா

2007 தீபாவளிக்கு வாங்கியது. கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ் என்ற மாடல். 7.1 மெகா பிக்ஸெல், 4 எக்ஸ் ஆப்டிகல் ஜூம், டார்ச் லைட்டில் போடும் அளவிலேயே இரண்டு 'ஏஏ' பாட்டரி. சட்டைப் பையில் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய கேமராக்கள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன.

இப்போது செல்போனிலேயே கேமரா இருக்கிறதே, தனியாக எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உலகம் முழுவதும் 2010இல் 12 கோடிக்கு மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள், 2020இல் ஒரு கோடிக்கும் கீழே இறங்கிவிட்டன. செல்போன்தான் காரணம். ஆனால் விலை குறைந்த செல்போன்கள் பெரும்பாலானவற்றில் இல்லாத ஒன்று இந்தப் பழைய கேமராவில் இருக்கிறது. அதுதான் உண்மையான ஜூம்.

ஜூமில் இரண்டு வகை

கேமராவை ஆன் செய்து ஜூம் பட்டனைத் தள்ளினால் லென்ஸ் குழாய் முன்னும் பின்னும் நகர்கிறதா? அது ஆப்டிகல் ஜூம். கண்ணாடிகள் இடம் மாறி, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கி சென்ஸார் முழுவதும் விழச் செய்கின்றன. படத்தின் தரம் குறைவதில்லை.

டிஜிட்டல் ஜூம் வேறு. படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவது அது. என் கேமராவின் முழுப் படம் 3072 x 2304 பிக்ஸெல். அதாவது சுமார் 70 லட்சம். அதில் 4 எக்ஸ் டிஜிட்டல் ஜூம் போட்டால் 768 x 576 பிக்ஸெல் அளவுள்ள நடுப்பகுதி மட்டும்தான் உண்மையான படம். அது நாலரை லட்சத்துக்கும் குறைவு. பதினாறில் ஒரு பங்கு! மீதியைக் கேமரா தானாக நிரப்பிக்கொள்கிறது. இந்த வேலையைக் கம்ப்யூட்டரில் 'க்ராப்' செய்து நீங்களே பிறகு செய்துகொள்ளலாம். ஆகவே மெனுவுக்குள் போய் டிஜிட்டல் ஜூமை 'ஆஃப்' செய்துவிடுங்கள். கேமரா வாங்கும்போதும் அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மொத்த ஜூம் கணக்கைப் பார்க்காதீர்கள். 'ஆப்டிகல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்த எண் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

தள்ளி நின்று எடுங்கள்

ஜூம் என்றால் தூரத்தில் இருப்பதை எடுக்க மட்டும் என்று நானும் நினைத்தேன். அதன் அருமை எங்கள் நிலைவாசலில்தான் தெரிந்தது. பர்மா தேக்கில் செய்த நிலை. மேலே கஜலட்சுமியும் கொடிவேலைப்பாடும். நெருங்கி நின்று அண்ணாந்து எடுத்தால் நிலையின் மேல்பக்கம் குறுகி, கூம்பு மாதிரி விழுந்தது. முகப்புக்கு வெளியே தெருவரை பின்னால் போய் நின்று, ஜூம் முழுவதும் தள்ளி எடுத்தபோது இரண்டு பக்கச் சட்டமும் நேராக வந்தன. கஜலட்சுமியின் கைவிரல்கூடத் தெரிந்தது.

முகம் எடுக்கும்போதும் இதே கதைதான். மிக அருகில் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் விழும். இரண்டு மூன்று அடி பின்னால் வந்து ஜூம் செய்யுங்கள். முகம் நாம் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

வளவுக்குள் இருட்டு

ஜூமுக்கு ஒரு விலை உண்டு. என் கேமராவில் ஜூம் இல்லாதபோது லென்ஸின் திறப்பு எஃப் 2.6. முழு ஜூமில் எஃப் 5.5. அதாவது உள்ளே வரும் வெளிச்சம் சுமார் நாலரை மடங்கு குறைந்துவிடும். அதை ஈடுகட்ட ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும். அதற்குள் கை லேசாக ஆடினாலும் படம் கலங்கிவிடும். மாடலின் பெயரில் இருக்கும் 'ஐஎஸ்' இந்த ஆட்டத்தைக் குறைக்கும் வசதி. அது ஓரளவுக்குத்தான் காப்பாற்றும்.

எங்கள் வளவில் நடுவே வானம் திறந்து வெயில் கொட்டும். சுற்றியிருக்கும் பத்திகளோ இருட்டு. நான் செய்தது இதுதான். கேமராவைத் தூணோடு ஒட்டி வைத்தோ, திண்ணையில் வைத்தோ, செல்ஃப் டைமரை 2 நொடிக்கு வைத்து எடுத்தேன். பட்டனை அழுத்தும் ஆட்டம் அதற்குள் அடங்கிவிடும். பட்டனையும் ஒரேயடியாக அழுத்தாதீர்கள். பாதி அழுத்திக் காத்திருங்கள். ஃபோகஸ் ஆனதும் 'பீப்' சத்தம் வரும். பிறகு முழுதாக அழுத்துங்கள். வெயிலைப் பார்த்துக் கேமரா ஏமாந்து, நிற்கிறவர் முகத்தைக் கறுப்பாக்கினால், எக்ஸ்போஷரை +1க்கு ஏற்றுங்கள்.

ப்ளாஷை நம்ப வேண்டாம். இந்த மாதிரிச் சின்னக் கேமராவின் ப்ளாஷ் சுமார் மூன்று மீட்டர் வரைதான் எட்டும். கோவில் மண்டபத்தின் அடுத்த கோடியில் நிற்கும் சிலைக்கு அது போகாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வேறு சிக்கல். வண்ணக் கலவையைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றிச் செய்வதால் அந்தக் கல்லின் முகம் பளபளவென்று இருக்கும். நேராக ப்ளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு விழும். ப்ளாஷை அணைத்துவிட்டு, காலை வெளிச்சத்தில் சாய்வாக எடுங்கள். பூ வேலைப்பாடு அழகாக வரும்.

பாட்டரி விஷயம்

வாங்கிய முதல் வாரம் பெட்டிக்கடையில் சாதாரண டார்ச் பாட்டரி வாங்கிப் போட்டேன். பத்துப் படம்கூட எடுக்கவில்லை, 'பாட்டரியை மாற்று' என்று ஸ்கிரீனில் வந்துவிட்டது. மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்க்காரன் நான்! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட 'சிக்ரி' வாசலைத் தினமும் சைக்கிளில் கடந்து போகிறவனுக்குப் பாட்டரியைப் பற்றித் தெரியவில்லை.

விஷயம் இதுதான். லென்ஸை நகர்த்தவும் ப்ளாஷை ஏற்றவும் கேமரா ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் இழுக்கும். சாதாரண பாட்டரியின் உள் தடை அதிகம் என்பதால் அவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியாது. உள்ளே சக்தி மிச்சம் இருக்கும்போதே கேமரா நின்றுவிடும். அதையே கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற ரீசார்ஜ் பாட்டரியில் அச்சிட்டிருப்பது 1.2 வோல்ட்தான். ஆனாலும் உள் தடை குறைவு என்பதால் கேமராவுக்கு அதுவே சரி. நான்கு பாட்டரியும் ஒரு சார்ஜரும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கேமராவில், இரண்டு பையில்.

நான் செய்த பெரிய தவறு

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கேமராவோடு பெட்டியில் வந்த மெமரி கார்டு வெறும் 16 எம்.பி. முழு அளவில் ஐந்தாறு படம் எடுத்தாலே நிரம்பிவிட்டது. பெரிய கார்டு வாங்கப் பணம் செலவழிக்க மனம் வரவில்லை. மெனுவில் படத்தின் அளவை 'எல்' என்பதிலிருந்து 'எஸ்' என்பதற்கு மாற்றினேன். 640 x 480. ஐம்பது படத்துக்கு மேல் எடுக்கலாம் என்று காட்டியது. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் அப்பத்தா வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தது. "என்னப்பா, என்னையப் போயி எடுக்கிறே?" என்று கேட்டது. அந்தச் சிரிப்பு அப்படியே விழுந்தது. 2009இல் அப்பத்தா காலமானபோது சுவரில் மாட்டுவதற்கு அந்தப் படத்தைத்தான் எல்லோரும் கேட்டார்கள். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, "இதைப் பெரிசு பண்ணினா கட்டம் கட்டமாத் தெரியும் சார்" என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்ஸெல் வேண்டும். 640 பிக்ஸெல் இரண்டு அங்குலத்தைக்கூடச் சரியாகத் தாண்டாது. 'எல்' அளவில் எடுத்திருந்தால் பத்து அங்குல அகலம் தாராளமாக வந்திருக்கும். கடைசியில் ஏதோ அடையாள அட்டைக்கு எடுத்த, சிரிக்காத படத்தைத்தான் மாட்டினோம்.

பெரிய படத்தைக் கம்ப்யூட்டரில் எப்போது வேண்டுமானாலும் சிறிதாக்கலாம். சிறிதாக எடுத்ததைப் பெரிதாக்க வழியில்லை. எப்போதும் 'எல்'லில் எடுங்கள். கார்டு வாங்கும்போது மட்டும் கவனம். மிகப் பழைய கேமராக்கள் 2 ஜி.பி.க்கு மேல் ஏற்காது. எஸ்.டி.எச்.சி. என்று குறிப்பிட்டிருந்தால் 32 ஜி.பி. வரை போடலாம்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது

கார்டை ரீடரில் செருகினால் 'டிசிஐஎம்' என்ற போல்டர் தெரியும். படங்கள் அதற்குள்தான் இருக்கும். அவற்றை 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் கார்டில் மூலப்படம் இருக்கும். கம்ப்யூட்டரில் நாளும் நிகழ்ச்சியும் சேர்த்து ஒரு போல்டர் உருவாக்கி அதில் போடுங்கள். கேமராவில் ஃபைல் எண் வரிசையைத் 'தொடர்ச்சியாக' என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து தொடங்கி, பழைய படத்தின் மேலேயே புதுப் படம் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. படங்களைத் திறந்து பார்த்து, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் காப்பி எடுத்த பிறகுதான் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்ய வேண்டும். தவறி அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காதீர்கள். 'போட்டோரெக்' என்ற இலவச புரோகிராம் பெரும்பாலும் மீட்டுக் கொடுத்துவிடும்.

நிலைவாசல் திரும்பி வந்தது

வீட்டைப் பிரித்தபோது எங்கள் நிலை எங்கே போனது என்று தெரியவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் விற்பனைக்கு நிற்கும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் தேடிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. செட்டிநாட்டு ஊர்களின் பெயர் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது 2014இல்தான். எங்கள் வீடு அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே போய்விட்டது.

2015இல் அண்ணன் காரைக்குடியில் சின்னதாக வீடு கட்டியபோது, தெருவில் நின்று ஜூம் செய்து எடுத்த அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு ஆசாரியிடம் கொடுத்தேன். பெரிய கார்டு வாங்கிய பிறகு 'எல்'லில் எடுத்தது. அவர் கேட்டது ஒன்றுதான். "உயரம் எவ்வளவுன்னு தெரியணுமே?" நல்லவேளை, முழு நிலையையும் எடுத்த இன்னொரு படத்தில் அண்ணன் குறுக்கே வந்து நின்றிருந்தார். அன்று அவரைத் திட்டியிருந்தேன். அவருடைய ஐந்தடி ஏழங்குலத்தை வைத்து ஆசாரி கணக்குப் போட்டுவிட்டார். கதவோ, மேஜையோ, நகையோ, எதை எடுத்தாலும் பக்கத்தில் ஓர் ஆளையோ ஸ்கேலையோ வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாப் படங்களையும் ஏற்றினோம். திரையில் இருந்த நிலையையும் வாசலில் இருக்கும் நிலையையும் அண்ணன் மகள் மாறி மாறிப் பார்த்தாள். அப்பத்தா படம் வந்ததும், "இதைப் பெரிசாக்குங்க சித்தப்பா" என்றாள். ஆக்கிக் காட்டினேன். முகம் கட்டம் கட்டமாகப் போனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மேஜையில் இருந்த கேமராவை எடுத்து ஆன் செய்து, முதல் வேலையாக மெனுவுக்குள் போய் 'எல்' இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.