மேடை வளைவுக்குள் ஓர் இரும்புத் திரை!

நாடக அரங்கில் மேடையைச் சுற்றி, பெரிய போட்டோ ஃப்ரேம் மாதிரி ஒரு வளைவு இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? அதற்குப் பெயர் 'ப்ரொசீனியம் ஆர்ச்'. பூவேலைப்பாடும் தங்கப்பூச்சுமாகப் பார்த்துவிட்டு, அழகுக்காக வைத்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு.

மேடைப் பக்கம் முழுக்கத் துணி, மரம், பெயின்ட், சூடான விளக்குகள். சட்டெனப் பற்றிக்கொள்ளும். அதனால் மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே கனமான சுவர் எழுப்புவார்கள். அந்தச் சுவரில் இருக்கும் பெரிய ஓட்டைதான் இந்த வளைவு. தீப்பிடித்தால் அதை உடனே மூட, மேலே தீ தாங்கும் திரை ஒன்று தயாராகத் தொங்கும்.

1903 டிசம்பர் 30. சிகாகோவின் இரோக்வா தியேட்டர். திறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. 'தீப்பிடிக்கவே பிடிக்காத அரங்கம்' என்று விளம்பரம் வேறு! விடுமுறை என்பதால் பிற்பகல் காட்சிக்கு அம்மாக்களும் குழந்தைகளும் நிறைந்திருந்தார்கள். மேடை விளக்கிலிருந்து தெறித்த பொறி துணியில் பற்றியது. ஆஸ்பெஸ்டாஸ் திரையை இறக்கினால், பாதியில் சிக்கி நின்றுவிட்டது. நடிகர்கள் தப்பிக்கப் பின்கதவைத் திறக்க, குபீரென்று காற்று புகுந்தது. திரைக்கும் தரைக்கும் இடையிலான சந்து வழியே நெருப்பு அரங்குக்குள் பாய்ந்தது. வெளியே ஓடியவர்களுக்குப் பல கதவுகள் திறக்கவில்லை. 600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அடுத்தது எடின்பரோ, 1911 மே 9. 'தி கிரேட் லஃபாயெட்' என்ற மேஜிக் கலைஞரின் ஷோ. மேடையில் விளக்கு ஒன்று பற்றி எரிந்தது. அதுவும் மேஜிக்தான் என்று கூட்டம் ரசித்துக்கொண்டிருந்தது! பாதுகாப்புத் திரை இறங்கியது. இசைக்குழு தேசிய கீதம் வாசிக்க, எல்லோரும் எழுந்து நின்று, அப்படியே வெளியேறினார்கள். சுமார் 3,000 பார்வையாளர்களும் பிழைத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த லஃபாயெட்டும் அவர் குழுவினர் பலரும் பிழைக்கவில்லை. அவரோடு நடித்த சிங்கமும் கருகிப்போனது.

அந்தத் திரைக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர் 'இரும்புத் திரை'. ஆமாம், பின்னாளில் சோவியத் எல்லையைக் குறிக்கப் பயன்பட்டதும், விஷால் படத்துக்குத் தலைப்பானதும் இதே சொல்தான்.

லண்டனில் நாடகம் பார்க்கப் போனால் இடைவேளையில் ஸ்க்ரீனைக் கவனியுங்கள். பல அரங்குகளில் அந்தக் கனமான திரை மெதுவாக இறங்கி, மறுபடி மேலே ஏறும். வேலை செய்கிறதா என்று எல்லோர் கண் முன்னாலும் சோதித்துக் காட்டுகிறார்கள்.